ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கி உடைமையும் துப்பாக்கி வன்முறையும்

ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்கள் துப்பாக்கி வைத்திருப்பது அந்நாட்டின் அரசியலமைப்பால் காக்கப்படும் ஓர் உரிமையாகும். மக்கள்தொகையை விடப் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை மிகுதியாக இருக்கும் நாடாக அது மதிப்பிடப்பட்டுள்ளது. அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் 46,728 பேர் துப்பாக்கிக் காயத்தால் இறந்தனர். இது நாளொன்றுக்குச் சராசரியாக 128 பேர் ஆகும்.

பள்ளி, தேவாலயம், கடைத்தொகுதி போன்ற இடங்களில் நடக்கும் கூட்டக் கொலைகளே உலகச் செய்திகளில் பெரிதாக வருகின்றன. ஆனால் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை, உள்ளூர்ச் செய்தித்தாளில் சில வரிகளோடு முடிந்துபோகும் தனித்தனிக் கொலைகள். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் இச்சிக்கலையும் அதற்கான தீர்வுகளையும் விளங்கிக்கொள்ள முடியாது.

துப்பாக்கிகளின் எண்ணிக்கை

சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இயங்கும் சிற்றாயுத ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அமெரிக்கப் பொதுமக்களிடம் ஏறத்தாழ 39.3 கோடி துப்பாக்கிகள் உள்ளன. நூறு பேருக்கு 120 என்பது இதன் விகிதம். இரண்டாம் இடத்தில் உள்ள யேமனில் இது நூறு பேருக்கு 53 அளவே. உலக மக்கள்தொகையில் அமெரிக்கர் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர். உலகில் பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளிலோ ஏறத்தாழ 46 விழுக்காடு அவர்களிடம் உள்ளது.

இதனால் அமெரிக்கர் எல்லோரும் துப்பாக்கி வைத்திருக்கின்றனர் என்று பொருளாகாது. பியூ ஆய்வு மையம் 2023-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், வயது வந்தோருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தம்மிடம் துப்பாக்கி இருப்பதாகக் கூறினர். பத்தில் நால்வர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கின்றனர். துப்பாக்கி உடையவர்களுள் பலரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன. நகரங்களை விடச் சிற்றூர்களில் துப்பாக்கி உடைமை மிகுதி.

முற்காலத்தில் வேட்டையே துப்பாக்கி வாங்க முதன்மைக் காரணமாக இருந்தது. இன்று அதன் இடத்தைத் தற்காப்பு பிடித்துள்ளது. மேற்கண்ட கருத்துக்கணிப்பில் துப்பாக்கி உடையவர்களுள் 72 விழுக்காட்டினர் பாதுகாப்பையே முக்கியக் காரணமாகக் கூறினர். காரணம் மாறியதும் துப்பாக்கியின் வகையும் அதை வைக்கும் இடமும் மாறின. வேட்டைக்கான நீள்துப்பாக்கி பூட்டிய அலமாரியில் இருக்கலாம். நள்ளிரவில் திருடன் வந்தால் எடுக்க வேண்டும் என்று வாங்கிய கைத்துப்பாக்கியோ, தோட்டா நிரப்பப்பட்டுப் படுக்கைக்கு அருகில் இருக்கிறது.

வரலாற்றுப் பின்னணி

குடியேற்றக் காலத்தில் நிலையான படை இல்லாத ஊர்களில், தகுதியுடைய ஆண்கள் சொந்தத் துப்பாக்கியுடன் ஊர்க்காவல் படையில் சேர வேண்டியிருந்தது. உணவுக்கான வேட்டைக்கும், விடுதலைப் போருக்கும், மேற்கு நோக்கிய குடியேற்றத்திற்கும் துப்பாக்கி பயன்பட்டது. முதற்குடிகளை அவர்களது நிலத்திலிருந்து விரட்டவும், தென்மாநிலங்களில் அடிமைகளை அடக்கி வைக்கவும் அதே துப்பாக்கி பயன்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென்மாநிலங்கள் சில இயற்றிய சட்டங்கள், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுத்தன. யார் கையில் துப்பாக்கி இருக்கலாம் என்ற கேள்வி அந்நாட்டில் தொடக்கம் முதலே அதிகாரத்தோடு பிணைந்த கேள்வியாகும்.

திரைப்படங்கள் காட்டுவது போல, பழைய மேற்குப் பகுதியில் எல்லோரும் இடுப்பில் துப்பாக்கியுடன் திரிந்தனர் என்பது முழு உண்மையன்று. பல எல்லைப்புற நகரங்கள் ஊருக்குள் துப்பாக்கி எடுத்துச் செல்வதைத் தடை செய்திருந்தன. அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில் 1881-ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டையே அத்தகைய நகரச் சட்டத்தை நிறைவேற்ற முயன்றதில் மூண்டதுதான்.

தேசியத் துப்பாக்கிச் சங்கம் 1871-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. குறிபார்த்துச் சுடும் பயிற்சியை வளர்ப்பது அதன் நோக்கமாக இருந்தது. 1977-இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், கட்டுப்பாடுகளை விட்டுக்கொடுக்காமல் எதிர்க்க வேண்டும் என்ற அணியினர் தலைமையைக் கைப்பற்றினர். அதன்பின் அச்சங்கம் நாட்டின் வலிமை மிக்க அரசியல் அமைப்புகளுள் ஒன்றாயிற்று.

இரண்டாம் சட்டத்திருத்தம்

1791-ஆம் ஆண்டு திசம்பர் 15 அன்று ஏற்கப்பட்ட உரிமைகள் பட்டயத்தில் இரண்டாவதாக உள்ள திருத்தம் ஒரே வாக்கியத்தால் ஆனது. அதன் முற்பகுதி, சுதந்திர அரசின் பாதுகாப்புக்கு ஒழுங்கமைந்த ஊர்க்காவல் படை தேவை என்கிறது. பிற்பகுதி, ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. முற்பகுதியே பிற்பகுதிக்கு எல்லை வகுக்கிறது என்பது ஒரு தரப்பு. முற்பகுதி ஒரு காரணத்தைச் சொல்கிறதே தவிர உரிமையைச் சுருக்கவில்லை என்பது மறு தரப்பு.

1939-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், குழல் குறுக்கப்பட்ட துப்பாக்கி தொடர்பான மில்லர் வழக்கில், ஊர்க்காவல் படையோடு தொடர்பில்லாத ஆயுதத்திற்கு இத்திருத்தம் பாதுகாப்பு அளிக்காது என்ற வகையில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 2008-இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, இவ்வுரிமை எல்லையற்றதன்று என்றும் கூறியது. குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருப்பதற்கான தடையும், பள்ளி போன்ற இடங்களில் உள்ள தடையும் தொடரலாம் என்பது அதன் விளக்கம்.

2010-இல் மெக்டொனால்டு வழக்கு இவ்வுரிமை மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022-இல் புரூன் வழக்கு, வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதும் உரிமையே என்றதுடன், எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்ற புதிய அளவுகோலையும் வகுத்தது. 2024-இல் ரஹிமி வழக்கில், குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவரிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைக்கும் சட்டம் செல்லும் என்று எட்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார்.

சட்டங்கள்

அமெரிக்காவின் முக்கியத் துப்பாக்கிச் சட்டங்கள் பெரும்பாலும் ஒரு துயர நிகழ்வை அடுத்தே வந்துள்ளன. கொள்ளைக் கூட்டங்களின் காலமான 1934-இல், இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிவும் 200 டாலர் வரியும் விதிக்கப்பட்டன. 1963-இல் குடியரசுத் தலைவர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி அஞ்சல் வழியாக வாங்கப்பட்டதாகும். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் இராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பின் வந்த சட்டம், அஞ்சல் வழி விற்பனையைத் தடுத்து, வணிகர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது.

1981-இல் குடியரசுத் தலைவர் ரீகனைக் கொல்ல நடந்த முயற்சியில் அவருடைய செய்திச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி தலையில் குண்டடிபட்டார். அவர் பெயரால் 1993-இல் இயற்றப்பட்ட சட்டம், வாங்குவோரின் பின்னணியைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. 1998 முதல் இச்சோதனை கணினி வழியாக உடனுக்குடன் நடக்கிறது. படைத்துறைத் துப்பாக்கிகளை ஒத்த சில வகைகளுக்கு 1994-இல் விதிக்கப்பட்ட தடை, பத்தாண்டு முடிந்து 2004-இல் காலாவதியானது.

இம்முறையில் மூன்று இடைவெளிகள் அடிக்கடி சுட்டப்படுகின்றன.

முதலாவது, உரிமம் பெற்ற வணிகர் மட்டுமே சோதனை செய்ய வேண்டும் என்பது நடுவண் சட்டம். தனிநபர் ஒருவர் தம் துப்பாக்கியை மற்றொருவருக்கு விற்கும்போது, மாநிலச் சட்டம் கேட்டாலொழியச் சோதனை தேவையில்லை.

இரண்டாவது, மூன்று வேலை நாட்களுக்குள் சோதனை முடியாவிட்டால் வணிகர் விற்கலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவரைக் கொன்றவன் இவ்வழியாகவே துப்பாக்கி பெற்றான்.

மூன்றாவது, சோதனைக்கு வேண்டிய ஆவணங்கள் ஒழுங்காகச் சேர்க்கப்படாமை. 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைக் கொன்ற மாணவனுக்கு, மனநலம் குறித்த நீதிமன்ற ஆணை இருந்தும் அது சோதனைப் பட்டியலில் ஏறவில்லை. அன்று வகுப்பறையில் கொல்லப்பட்டவர்களுள் தமிழ்நாட்டில் பிறந்த நீரியல் பேராசிரியர் ஒருவரும் அடங்குவார். அந்நிகழ்வுக்குப் பின் மாநிலங்கள் இத்தகைய ஆவணங்களை அனுப்புவதை ஊக்குவிக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

நாடு முழுவதற்குமான துப்பாக்கிப் பதிவேடு ஒன்றை அரசு உருவாக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. குற்றத்தில் பயன்பட்ட துப்பாக்கியின் உரிமையாளரைக் கண்டறிய, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறி மையத்தின் ஊழியர்கள், மூடப்பட்ட கடைகளின் விற்பனை ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியுள்ளது. பெயரைத் தட்டச்சு செய்து தேடும் வசதியைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

மாநிலங்களுக்கிடையே வேறுபாடு பெரிது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில், மறைத்து எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கிக்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை. மாசசூசெட்சு, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களில் வாங்குவதற்கே முன் அனுமதி வேண்டும். 2023-இல் மிசிசிப்பியில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 29 பேர் துப்பாக்கியால் இறந்தனர். மாசசூசெட்சில் அது 4-க்கும் குறைவு. வறுமை, ஊர்ப்புறச் சூழல், துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஆகியவையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், இவ்வேறுபாடு முழுவதையும் சட்டத்தின் கணக்கில் மட்டும் எழுத இயலாது.

சாவுகளின் வகைகள்

தற்கொலை: 2023-இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சாவுகளில் ஏறத்தாழ 27,300, அதாவது 58 விழுக்காடு, தற்கொலைகள். முதிய வெள்ளையின ஆண்களிடமும், மொன்டானா, வயோமிங் போன்ற மக்கள் அடர்த்தி குறைந்த மாநிலங்களிலும் இவை மிகுதி. தற்கொலை எண்ணம் பலருக்குச் சில நிமிடங்களிலோ மணிகளிலோ உச்சத்துக்குச் சென்று தணிவது. அந்த நேரத்தைக் கடந்து பிழைத்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கைக்கெட்டும் தொலைவில் துப்பாக்கி இருக்கும் வீட்டில் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது அரிது. மனத்துயரில் உள்ளோர் உடனே பேசுவதற்கென 988 என்ற மூன்றிலக்கத் தொலைபேசி எண் 2022 சூலையில் அந்நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது.

கொலை: அதே ஆண்டில் ஏறத்தாழ 17,900 பேர் துப்பாக்கியால் கொல்லப்பட்டனர். பெருந்தொற்றுக் காலத்தில் உயர்ந்து 2021-இல் ஏறத்தாழ 21,000 ஆக இருந்த எண்ணிக்கை அதன்பின் குறைந்து வருகிறது. கறுப்பின இளைஞர்களின் இறப்புக்குத் துப்பாக்கிக் கொலையே முதற்காரணமாக உள்ளது. ஒரு பெருநகரத்துக்குள்ளும் கொலைகள் ஒருசில தெருக்களிலேயே திரள்கின்றன. வேலையின்மை, பாழடைந்த குடியிருப்பு, பழிக்குப் பழி, காவல்துறை மீது நம்பிக்கையின்மை ஆகியன அங்கு ஒன்றுகூடுகின்றன. விவாதங்களில் படைத்துறை வகைத் துப்பாக்கியே பெரிதும் பேசப்பட்டாலும், கொலைகளில் மிகுதியாகப் பயன்படுவது சாதாரணக் கைத்துப்பாக்கியே.

கூட்டக் கொலை: இதற்கு ஒரே வரையறை இல்லை. சுட்டவரைத் தவிர நால்வர் சுடப்பட்டாலே கணக்கில் சேர்ப்போரும், நால்வர் இறந்தால் மட்டும் சேர்ப்போரும் உள்ளனர். ஆகவே செய்திகளில் வரும் எண்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடும். எப்படிக் கணக்கிட்டாலும் மொத்தச் சாவுகளில் இவற்றின் பங்கு மிகச் சிறியது. 2017-இல் லாஸ் வேகாசில் இசைநிகழ்ச்சிக்கு வந்த கூட்டத்தின் மீது நடந்த சூடு, அண்மைக் கால வரலாற்றில் ஒருவரால் நிகழ்த்தப்பட்டவற்றுள் மிகக் கொடியது.

குழந்தைகளும் பள்ளிகளும்

2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரையிலானோரின் இறப்புக் காரணங்களில் துப்பாக்கி முதலிடத்துக்கு வந்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் வாகன விபத்துகளே முதலிடத்தில் இருந்தன. வாகனங்களில் இருக்கைப் பட்டை, காற்றுப்பை, குழந்தை இருக்கை, ஓட்டுநர் உரிம விதிகள் எனப் படிப்படியாகப் பாதுகாப்பு கூடியது. துப்பாக்கியில் அத்தகைய முன்னேற்றம் நிகழவில்லை.

1999-இல் கொலராடோவின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி, 2012-இல் கனெடிகட்டின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளி, 2018-இல் புளோரிடாவின் பார்க்லேண்டு, 2022-இல் டெக்சாசின் யுவால்டே ஆகிய பெயர்கள் அமெரிக்கர் நினைவில் ஆழப் பதிந்துவிட்டன. சாண்டி ஹூக்கில் இருபது குழந்தைகளும் ஆசிரியர், ஊழியர் என ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்டனர். யுவால்டேயில் பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் உயிரிழந்தனர். காவலர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வகுப்பறைக்குள் நுழையாமல் இருந்தது கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

தனியொரு மாணவன் பள்ளியில் சுடப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. எனினும் அச்சத்தின் விலையை எல்லா மாணவரும் செலுத்துகின்றனர். தீ விபத்துப் பயிற்சி போல, கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூலையில் ஓசையின்றி அமரும் பயிற்சி இன்று பெரும்பாலான அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் வயதிலேயே குழந்தை இதையும் கற்கிறது. இப்பயிற்சி காப்பதை விட அச்சத்தையே மிகுதியாக விதைக்கிறதா என்பது கல்வியாளரிடையே விவாதப் பொருளாக உள்ளது.

பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து அமெரிக்க இரகசியக் காவல் பிரிவு 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று முக்கியமானது. துப்பாக்கியைப் பயன்படுத்திய மாணவர்களுள் நான்கில் மூவர் அதைப் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தே எடுத்திருந்தனர். பெரும்பாலான தாக்குதல்களுக்கு முன் எச்சரிக்கைக் குறிகள் தென்பட்டிருந்தன. 2021-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்போர்டு உயர்நிலைப் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற பதினைந்து வயதுச் சிறுவனின் பெற்றோர், துப்பாக்கியைப் பாதுகாக்கத் தவறியதற்காகவும் எச்சரிக்கைகளைப் புறக்கணித்ததற்காகவும் 2024-இல் சிறைத்தண்டனை பெற்றனர். மகன் நிகழ்த்திய பள்ளிக் கூட்டக் கொலைக்காகப் பெற்றோர் இவ்வாறு தண்டிக்கப்பட்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை.

2021-இல் நடந்த ஓர் ஆய்வின்படி, பூட்டப்படாத, தோட்டா நிரப்பிய துப்பாக்கி உள்ள வீடுகளில் ஏறத்தாழ 46 இலட்சம் குழந்தைகள் வாழ்ந்து வந்தனர்.

விவாதத்தின் இரு பக்கங்கள்

துப்பாக்கி உரிமையை ஆதரிப்போரின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. காவலர் வந்து சேர அரை மணி நேரமாகும் ஊர்ப்புறத்தில் தற்காப்பு அவரவர் பொறுப்பாகவே உள்ளது. துப்பாக்கி உடையோரில் மிகப் பெரும்பாலோர் எக்குற்றமும் செய்வதில்லை. குற்றவாளி சட்டத்தை மதிக்க மாட்டான். கட்டுப்பாடு நல்லவனையே கட்டும் என்பது அவர்களது கருத்து. 1937 முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான தீர்வை காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே செலவிடப்படுவதையும் வேட்டைக்காரர்கள் எடுத்துக்காட்டுவர்.

கட்டுப்பாட்டை ஆதரிப்போர், பிற வளர்ந்த நாடுகளிலும் மனநோய், குடும்பச் சண்டை, வன்முறைத் திரைப்படங்கள் எல்லாம் உள்ளன. அங்கில்லாதது இவ்வளவு துப்பாக்கிகளே என்கின்றனர். 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், ஆஸ்திரேலியா ஏறத்தாழ 6.5 இலட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்பப் பெற்று அழித்தது. அதே ஆண்டில் இசுக்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகள் கொல்லப்பட்டதை அடுத்து, பிரித்தானியா கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. ஆயினும் அந்நாடுகளில் துப்பாக்கி ஓர் அரசியலமைப்பு உரிமையாக இருக்கவில்லை. எண்ணிக்கையும் கோடிக்கணக்கில் இல்லை. எனவே அவ்வழியை அப்படியே அமெரிக்காவில் பின்பற்ற இயலாது.

கட்சி அரசியல் இவ்விவாதத்தை இறுக்கியுள்ளது. 1996-இல் காங்கிரசு சேர்த்த ஒரு விதி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குப் பரப்புரை செய்ய நோய்க் கட்டுப்பாட்டு மையம் நிதியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. ஆராய்ச்சிக்கு நேரடித் தடை இல்லாவிட்டாலும், அஞ்சிய மையம் இத்துறை ஆய்வை இருபதாண்டுகளுக்கு மேல் ஏறத்தாழக் கைவிட்டது. 2019 இறுதியில்தான் ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் மீண்டும் ஒதுக்கப்பட்டது.

தடுப்பு முயற்சிகள்

இரு தரப்பும் ஓரளவு ஒத்துக்கொள்ளும் வழிகளும் உள்ளன. தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடும் என்று குடும்பத்தாரோ காவலரோ நீதிமன்றத்தில் காட்டினால், ஒருவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக அகற்றி வைக்கும் சட்டம் 1999-இல் கனெடிகட்டில் தொடங்கி, இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் உள்ளது. அவ்வாறு துப்பாக்கி அகற்றப்பட்ட பத்து முதல் இருபது நிகழ்வுகளுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டிருக்கும் என்று அம்மாநிலம் பற்றிய ஆய்வு மதிப்பிட்டது.

1996-இல் பாஸ்டன் நகரம், வன்முறையில் ஈடுபடும் சிறு குழுக்களை நேரில் அழைத்து, நிறுத்தினால் உதவியும் தொடர்ந்தால் கடும் நடவடிக்கையும் உண்டு என்று கூறும் திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. சிகாகோவில் 2000-இல் தொடங்கிய திட்டம், அதே தெருவில் வளர்ந்து, மக்கள் மதிப்பைப் பெற்றவர்களைச் சமரசத் தூதர்களாக அமர்த்தியது. ஒரு கொலைக்குப் பழிவாங்க அடுத்த கொலை நிகழும் முன் அவர்கள் இடையில் புகுந்து பேசுகின்றனர்.

யுவால்டே நிகழ்வுக்கு அடுத்த மாதமே, 2022 சூன் 25 அன்று, இரு கட்சி ஆதரவுடன் ஒரு நடுவண் சட்டம் கையெழுத்தானது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் இத்துறையில் வந்த முதற் பெருஞ்சட்டம் அதுவே. 21 வயதுக்குட்பட்டோர் வாங்கும்போது கூடுதல் சோதனைக்கும், மனநல சேவைக்கும், மேற்கண்ட உள்ளூர்த் திட்டங்களுக்கான நிதிக்கும் அது வழிசெய்தது. 2024 சூனில் நாட்டின் தலைமை மருத்துவ அலுவலர் விவேக் மூர்த்தி, துப்பாக்கி வன்முறையைப் பொதுச் சுகாதார நெருக்கடி என அறிவித்தார்.

39 கோடித் துப்பாக்கிகள் மறைந்துவிடப் போவதில்லை; உரிமை குறித்த வழக்குகளும் ஓயப் போவதில்லை. ஆனால் துப்பாக்கிச் சாவுகளில் பெரும்பகுதி, ஒரு வீட்டில், ஒரு கொடிய பொழுதில், ஒருவர் கை எட்டும் இடத்தில் துப்பாக்கி இருந்ததால் நேர்பவை. அந்தக் கைக்கும் துப்பாக்கிக்கும் இடையே ஒரு பூட்டோ, ஒரு நாள் காத்திருப்போ, பேச வந்த ஒரு மனிதரோ இருந்தால் பல உயிர்கள் பிழைக்கும். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.